சென்ட் பாட்டிலுக்கு ‘காஸ்மெடிக்ஸ்’ என்று பில் போடலாமா?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். வீட்டை ஒட்டிய சின்ன யூனிட்டில் சென்ட்டும் ரூம் ஸ்ப்ரேயும் தயாரிக்கிறார். கூடவே சார்ஜ் போட்டுப் பயன்படுத்தும், அறையில் வாசனை பரப்பும் டிஃப்யூசரை வெளியில் வாங்கி விற்கிறார். இப்போது டெல்லியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆர்டர் வருகிறது. கூரியர் கவுன்டரில் இருப்பவர், “சென்ட்னு எழுதாதீங்க, காஸ்மெடிக்ஸ்னு போடுங்க, போயிடும்” என்று சொல்லியிருக்கிறார். அப்படிப் போடலாமா, இல்லையென்றால் முறைப்படி எப்படி அனுப்புவது என்பது கேள்வி.

போடாதீர்கள். அவர் சொன்னதுபோல் பெரும்பாலும் போய்விடும் என்பது உண்மைதான். நூறு பார்சல் போகும், நூற்றைம்பது போகும், அந்தத் தைரியத்தில் பாட்டில் பெரிதாகும், பேக்கிங் மெலிதாகும், அப்புறம் ஒருநாள் எங்கோ ஒரு குடோனில் வெயிலில் கிடந்த பெட்டிக்குள் மூடி கழன்று ஒழுகும்போது பக்கத்தில் நிற்பவருக்கு உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாது. நான் சென்னையில் ஃபார்வர்டிங், அதாவது மற்றவர்களின் சரக்கை ஏற்றி அனுப்பிக் கொடுக்கும் வேலையில் இருபது வருடத்துக்குப் பக்கமாக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி, டி.ஜி. என்று நாங்கள் சொல்லும் ஆபத்தான சரக்குதான். விதிமுறைப் புத்தகத்தை விட ஒரு மத்தியானம்தான் எனக்கு இதை அதிகம் கற்றுக்கொடுத்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு லாரி ஷெட். ‘கிளீனிங் ஐட்டம்’ என்று பில் போட்ட அட்டைப்பெட்டியை லோடுமேன் ஒருவர் தோளில் ஏற்றினார். அடிப்பக்கம் ஈரமாக இருந்தது, முந்தின நாள் மழை என்பதால் தண்ணீர் என்று நினைத்திருக்கிறார். பத்தடி நடப்பதற்குள் காலரிலிருந்து இடுப்புவரை சட்டையில் ஒரு கோடு இறங்கியது, துணி வெளுத்துக்கொண்டே வந்தது, பெட்டியைப் போட்டுவிட்டு முதுகைச் சுவரில் தேய்க்க ஆரம்பித்தார். உள்ளே இருந்தது லூஸில் ஊற்றிய பாத்ரூம் ஆசிட் கேன்கள். அது எங்களுக்கு அப்போது தெரியாது. லாரி கழுவும் டியூப்பைப் பிடித்து அவர்மேல் தண்ணீர் அடித்தோம், பில்லில் இருந்த நம்பருக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி “என்ன கெமிக்கல்?” என்பதுதான். எங்களில் ஒருவருக்கும் பதில் இல்லை. அவர் பிழைத்தார், முதுகில் தழும்போடு இப்போதும் வேலைக்கு வருகிறார். அந்தப் பெட்டிமேல், அரிக்கும் சரக்கு என்று காட்டும் 8 போட்ட டைமண்ட் லேபிள் ஒன்று இருந்திருந்தால் அவர் அதைத் தோளில் வைத்திருக்கவே மாட்டார், தள்ளுவண்டியில் ஏற்றியிருப்பார். ஷெட்டில் யாருக்கும் இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் அந்த லேபிள் எல்லோருக்கும் தெரியும்.

சரி, உங்கள் சரக்குக்கு வருவோம்.

சென்ட் ஏன் ஆபத்தான சரக்கு? அதில் பெரும்பகுதி எத்தனால். சுத்தமான எத்தனாலின் ஃபிளாஷ் பாயின்ட் சுமார் 13 டிகிரி செல்சியஸ், அதாவது அந்தச் சூட்டிலேயே அதிலிருந்து எழும் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கோவையில் மார்கழி விடியற்காலையில்கூட வீட்டுக்குள் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும், அப்படியென்றால் சித்திரை வெயிலில் மூடிய லாரிக்குள் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் வகைப்பாட்டில் ஆபத்தான சரக்குகள் 9 வகுப்புகள்: வெடிபொருள் 1, வாயு 2, எரியும் திரவம் 3, எரியும் திடப்பொருள் 4, ஆக்சிஜன் கொடுத்துத் தீயை வளர்ப்பவை 5, விஷமும் தொற்றும் 6, கதிரியக்கம் 7, அரிப்பவை 8, இவற்றில் சேராத மற்றவை 9. ஒவ்வொரு பொருளுக்கும் நாலு இலக்கத்தில் ஒரு யூ.என். எண் உண்டு. சென்ட் 1266, வகுப்பு 3. பெட்ரோல் 1203, அதுவும் வகுப்பு 3. இரண்டும் ஒரே வகுப்பில் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், ஆனால் விமானக் கம்பெனிக்காரர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பது புரியும். ஃபிளாஷ் பாயின்ட் 23 டிகிரிக்குக் கீழே இருந்தால், ஆபத்தின் அளவைக் காட்டும் பேக்கிங் குரூப் 2, 23-லிருந்து 60 வரை என்றால் குரூப் 3. உங்கள் சென்ட் எழுபது, எண்பது சதவீதம் ஆல்கஹால் என்றால் குரூப் 2-ல்தான் வரும்.

ரூம் ஸ்ப்ரேயில் கவனமாக இருங்கள், அது இரண்டு தினுசு. கையால் அழுத்தும் பம்ப் பாட்டில் என்றால் உள்ளே இருக்கும் திரவத்தைப் பொறுத்தது. வாயு அடைத்த தகர டப்பா என்றால் ஏரோசால், யூ.என். 1950, வகுப்பு 2, அதற்குச் சட்டதிட்டமே வேறு. தண்ணீர் அதிகமாகவும் ஆல்கஹால் கொஞ்சமாகவும் சேர்த்துச் செய்கிறவர்கள் அடிக்கடி ஒரு விலக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எத்தனாலும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த கரைசலில் ஆல்கஹால் கன அளவில் 24 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் விதிகள் பொருந்தாது என்று ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் வாசனை எண்ணெய் கலந்த சரக்குக்கு அதை நீங்களாக நீட்டிக்காதீர்கள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து ஃபிளாஷ் பாயின்ட் பார்த்து ரிப்போர்ட் வாங்கிவிடுங்கள். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் கூரியர்காரரோடு வாக்குவாதமே வராது.

அதோடு எஸ்.டி.எஸ். என்ற பாதுகாப்புத் தரவுத் தாள் வேண்டும், பழைய ஆட்கள் எம்.எஸ்.டி.எஸ். என்பார்கள். மொத்தம் 16 பிரிவு, நீங்கள் முதலில் திறக்க வேண்டியது 14-வது பிரிவு, போக்குவரத்து. யூ.என். எண், போக்குவரத்துக்கான முறையான பெயர் (புராப்பர் ஷிப்பிங் நேம்), வகுப்பு, பேக்கிங் குரூப் எல்லாம் அங்கே இருக்கும். 9-வது பிரிவில் ஃபிளாஷ் பாயின்ட் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அந்தத் தாளை நம்பாதீர்கள், யாரோ இன்டர்நெட்டில் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், நான் அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். எத்தனால் வாங்கி வைப்பதற்கும் சென்ட் தயாரிப்பதற்கும் வேண்டிய உரிமங்கள் தனி விஷயம், அவை உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

டிஃப்யூசர். உள்ளேயே லித்தியம் அயான் பேட்டரி பொருத்தியது என்றால் யூ.என். 3481, வகுப்பு 9. பேட்டரியைத் தனியாகவோ பவர் பேங்க்காகவோ அனுப்பினால் 3480, இது கடுமையானது: 2016 ஏப்ரல் 1-லிருந்து பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே தடை, சரக்கு விமானத்திலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பவர் பேங்க்கை ‘ஒரு கருவிக்குள் இருக்கும் பேட்டரி’ என்று எழுதுவது பெரிய தப்பு, அது பேட்டரிதான். அளவை வாட் அவரில் பார்ப்பார்கள். மில்லி ஆம்பியர் அவரை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைக்கும், 10,000-த்தை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட் அவர். 100-க்குள் இருந்தால் நடைமுறை எளிது, தாண்டினால் சலுகை இல்லாமல் முழு டி.ஜி.யாகப் போகும். உங்களுக்கு டிஃப்யூசர் சப்ளை செய்கிறவரிடம் யூ.என். 38.3 டெஸ்ட் சம்மரி கேளுங்கள். 2020 ஜனவரியிலிருந்து தயாரிப்பவரும் விநியோகிப்பவரும் அதைத் தர வேண்டும் என்பது விதி. இல்லை என்று மழுப்பினால் அந்தச் சரக்கை விற்காமல் இருப்பதே நல்லது, டெஸ்ட் செய்யாத பேட்டரி எந்த வழியாகவும் போகக் கூடாது. அப்புறம் சென்ட்டையும் டிஃப்யூசரையும் ‘காம்போ’ என்று ஒரே பெட்டியில் போடாதீர்கள். பேப்பரும் சிக்கலாகும், தீப்பிடித்தால் ஒன்று மற்றதற்கு விறகு.

டெல்லிக்கு எப்படி? தபாலை மறந்துவிடுங்கள், எரியும் திரவம் தபாலில் போகாது. ரயில்வே பார்சலில் வேறு பெயர் சொல்லி ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 67-வது பிரிவின்படி ஆபத்தான பொருள் என்றால் எழுத்துமூலம் தெரிவித்துப் பெட்டிமேலும் எழுத வேண்டும், 164-வது பிரிவின்படி சட்டவிரோதமாகக் கொண்டுவந்தால் மூன்று வருடம்வரை சிறை, நஷ்டத்துக்கும் நீங்களே பொறுப்பு. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரையில் நின்றுகொண்டிருந்த லக்னோ சுற்றுலாப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் 9 பேர் இறந்தது ஞாபகம் இருக்கும். சிலிண்டர் வேறு, சென்ட் வேறுதான், ஆனால் ‘யாருக்கும் தெரியாமல் உள்ளே இருக்கிறது’ என்பது இரண்டுக்கும் பொது.

நம் ஊரில் இன்னொரு பழக்கம், “ஆம்னி பஸ்ல போட்டு விட்ருங்க, காலைல எடுத்துக்கறேன்.” தயவுசெய்து வேண்டாம். அந்த டிக்கிக்கு மேலேதான் நாற்பது பேர் தூங்குகிறார்கள். பேட்டரி உள்ள பொருளுக்கும் இதேதான். 2025 அக்டோபரில் கர்நூல் பக்கத்தில் எரிந்த பஸ்ஸில் 200-க்கும் மேற்பட்ட ஸ்மார்ட்போன்கள் பார்சலாக இருந்தன, அவற்றின் பேட்டரிகளும் தீயைக் கூட்டின என்று செய்திகள் வந்தன.

ஆகவே உங்களுக்குச் சாலை வழிதான், அதிலும் வகுப்பு 3 எடுப்போம் என்று எழுதித் தருகிற கம்பெனி. ‘சர்ஃபேஸ்’ என்று புக் செய்ததாலேயே அது தரைவழிதான் போகும் என்று நம்பிவிடாதீர்கள், இடம் இருந்தால் விமானத்தில் ஏற்றிவிடுகிற இடங்களும் உண்டு. “இது விமானத்தில் ஏறக் கூடாத சரக்கு” என்பதை பில்லிலும் பெட்டியிலும் தெளிவாகப் போடச் சொல்லுங்கள். 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரை இதற்கானவை. அனுப்புகிறவர் என்ற முறையில் 131-வது விதி உங்கள் தலையில் வைக்கும் பொறுப்பு சின்னதல்ல: சரக்கைப் பற்றிய முழு விவரத்தை வண்டிக்காரருக்குக் கொடுத்தீர்களா, வண்டியில் முதலுதவியும் பாதுகாப்புச் சாமானும் இருக்கின்றனவா, டிரைவர் பயிற்சி பெற்றவரா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள். ஆபத்தான சரக்கு ஓட்டுகிற டிரைவருக்கு 9-வது விதிப்படி மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு இருக்க வேண்டும். விவரம் எழுதிய டிரெம் கார்டு கேபினிலேயே இருக்க வேண்டும், பின்னால் லோடுக்குள் செருகிவைத்தால் தீப்பிடித்த நேரத்தில் எப்படி எடுப்பது?

வண்டியில் மாட்டும் எச்சரிக்கைப் பலகைகளும் இந்தக் கார்டும் எதற்கென்று உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். 2025 ஜனவரி 3 அதிகாலை, அவினாசி ரோடு மேம்பாலத்தில் சமையல் கேஸ் டேங்கர் கவிழ்ந்ததே, பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டு, தீயணைப்புத்துறை மணிக்கணக்காகத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்து, ஒரு உயிர்கூடப் போகாமல் முடிந்தது. வந்தவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை, அது டேங்கரின் மேலேயே எழுதியிருந்தது. அதே இடத்தில் ‘காஸ்மெடிக்ஸ்’ என்று பில் போட்ட ஒரு லாரி புகைந்துகொண்டு நின்றால், தீயணைப்பு வீரர் எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று எதை வைத்து முடிவு செய்வார்?

பேக்கிங்கில்தான் நீங்கள் நிஜமாகவே நிறையச் செய்ய முடியும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள், சூட்டில் திரவம் விரியும், கொஞ்சம் காலி விடுங்கள். ஸ்ப்ரே பம்புக்கு லாக் கிளிப், மூடியைச் சுற்றி டேப். அப்புறம் ஒவ்வொரு பாட்டிலும் கசியாத பாலிதீன் பையில், பைக்கும் பெட்டிக்கும் நடுவில் மொத்தத் திரவத்தையும் உறிஞ்சுகிற அளவுக்கு வெர்மிகுலைட்டோ உறிஞ்சும் ஷீட்டோ. தெர்மாகோல் உருண்டை உறிஞ்சாது, அதைப் போட்டு ஏமாறாதீர்கள். வெளிப்பெட்டி ஐந்து பிளை, எதிரெதிர் இரண்டு பக்கத்திலும் மேல்நோக்கிய அம்புக்குறி. முடித்ததும் உங்கள் நெஞ்சு உயரத்திலிருந்து, அதாவது 1.2 மீட்டர், சிமென்ட் தரையில் முகமாகவும் விளிம்பாகவும் மூலையாகவும் போட்டுப் பாருங்கள். விமானத்தில் லிமிட்டெட் குவான்டிட்டி என்ற சின்ன அளவுச் சலுகையில் போகும் பெட்டிக்கு இதே உயரம்தான் சோதனை, மூட்டை ஒன்று 30 கிலோவைத் தாண்டவும் கூடாது. மூலையில் விழுந்தபோது உங்கள் பாட்டில் உடைந்தால் கூரியர் குடோனில் கட்டாயம் உடையும், அங்கே தூக்கிப் போடுகிற உயரம் இதைவிடக் குறைவில்லை. அளவு அதிகமாகி முழு டி.ஜி.யாகப் போனால் யூ.என். முத்திரை அச்சடித்த பெட்டியே வேண்டும். முத்திரையில் 4ஜி என்று இருந்தால் அட்டைப்பெட்டி, அதன் பின்னால் வரும் எக்ஸ், ஒய், இஸட் எழுத்து எந்தப் பேக்கிங் குரூப்வரை தாங்கும் என்று சொல்லும், உங்களுக்கு ஒய் போதும். இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங் இந்தச் சோதனையைச் செய்து சான்று தருகிறது, சென்னையிலும் அவர்களுக்கு மையம் இருக்கிறது. சும்மா பழைய பெட்டியை வாங்கி அதில் இருக்கும் முத்திரையை நம்பி அனுப்பாதீர்கள், அந்தச் சான்று உள்ளே வைக்கும் பாட்டில், ஒட்டும் டேப் எல்லாம் சேர்த்துத்தான்.

விமானத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சிங்கப்பூர். நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.யின் விதிகள், சர்வதேச சிவில் விமான அமைப்பான இக்காவோவின் தொழில்நுட்ப விதிகளை ஒட்டியவை, நடைமுறையில் எல்லோரும் வைத்திருப்பது விமானக் கம்பெனிகளின் சங்கமான அயாட்டா போடும் புத்தகம், ஒவ்வொரு வருடமும் புதுப் பதிப்பு வரும். பழைய பதிப்பைப் பார்த்து அனுப்பினால் கவுன்டரிலேயே திருப்பிவிடுவார்கள். முழு டி.ஜி. என்றால் சிவப்புக் கோடு போட்ட ஓரமுள்ள ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன் வேண்டும், அதில் கையெழுத்துப் போடுகிறவர்தான் சட்டத்தின் முன் பொறுப்பாளி. அந்தத் தாளில் ஒரு வார்த்தை தப்பாக இருந்ததன் விலை என்ன என்பதற்கு எங்கள் டிரெய்னிங் வகுப்பில் முதல் நாளே சொல்வது, 1996 மே 11, அமெரிக்காவில் மயாமியிலிருந்து கிளம்பிய வால்யூஜெட் 592. கழற்றிய ஆக்சிஜன் ஜெனரேட்டர்களை ஐந்து அட்டைப்பெட்டியில் போட்டு ஏற்றினார்கள், பேப்பரில் ‘காலி’ என்று இருந்தது. காலியாக இல்லை, பாதுகாப்பு மூடிகளும் போடவில்லை. 110 பேர். அடுத்தது 2010 செப்டம்பர் 3, துபாயிலிருந்து கிளம்பிய யூ.பி.எஸ். சரக்கு விமானம், உள்ளே ஏராளமான லித்தியம் பேட்டரிகள். அவற்றில் குறைந்தது மூன்று லாட்டுகள் வகுப்பு 9 என்று அறிவித்திருக்க வேண்டியவை, அறிவிக்கவில்லை என்று விசாரணையில் வந்தது. பைலட்டுகள் இரண்டு பேரும் இறந்தார்கள். புகையில் தங்கள் முன்னால் இருக்கும் மீட்டரைக்கூட அவர்களால் பார்க்க முடியவில்லை.

கப்பலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் அளவுக்கு அது கட்டாது. கடலுக்கு ஐ.எம்.டி.ஜி. கோடு என்று தனி விதி, எதோடு எதை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது அதில் பெரிய பாடம். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில், தீப்பிடிப்பதற்கு முன்பே ஒரு கன்டெய்னரில் நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கன்டெய்னரை இறக்க கத்தாரின் ஹமத் துறைமுகமும் குஜராத்தின் ஹசீராவும் ஒத்துக்கொள்ளவில்லை. நீர்கொழும்புக் கரையில் பிளாஸ்டிக் மணிகள் மூட்டை மூட்டையாக ஒதுங்கின, மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தார்கள். அமிலத்தை ஏற்றியவர்களுக்கும் அந்த மீனவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உங்கள் சிங்கப்பூர் ஆர்டருக்கு நான் சொல்லும் வழி, 30 மி.லி. பாட்டில். பேக்கிங் குரூப் 2 சென்ட்டுக்கு ‘எக்ஸெப்டட் குவான்டிட்டி’ என்ற சலுகை இருக்கிறது: பாட்டில் ஒன்று 30 மி.லி.க்கு மேல் போகக் கூடாது, பெட்டி ஒன்றில் மொத்தம் 500 மி.லி., அதாவது 16 பாட்டில். யூ.என். முத்திரைப் பெட்டி வேண்டாம், ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன் வேண்டாம். ஆனால் பாட்டில், அதற்கு மேல் உறிஞ்சும் பொருளோடு நடுப்பேக்கிங், அதற்கு மேல் வெளிப்பெட்டி என்று மூன்றடுக்கு வேண்டும், 1.8 மீட்டரிலிருந்து விழுந்தாலும் கசியக் கூடாது, மூன்று மீட்டர் உயர அடுக்கின் பாரத்தை 24 மணி நேரம் தாங்க வேண்டும், ஓரத்தில் கோடு போட்டு நடுவில் ‘ஈ’ எழுத்துள்ள சதுர முத்திரையில் வகுப்பு 3 என்றும் அனுப்புகிறவர் அல்லது பெறுகிறவர் பெயரும் எழுத வேண்டும், ஏர்வே பில்லில் எக்ஸெப்டட் குவான்டிட்டி என்று போட வேண்டும். இதைச் செய்கிறவருக்கும் பயிற்சி வேண்டும் என்பதால் ஆரம்பத்தில் டி.ஜி. சர்டிஃபிகேட் உள்ள ஃபார்வர்டர் ஒருவரிடம் கொடுங்கள். சலுகை இருந்தாலும் சில விமானக் கம்பெனிகள் எடுக்க மாட்டார்கள், ஆகவே புக்கிங்குக்கு முன்பே எந்த விமானம் என்று கேளுங்கள். ஃபார்வர்டரிடம் முதல் போனிலேயே “சென்ட், யூ.என். 1266, குரூப் 2, 30 மி.லி., எஸ்.டி.எஸ். இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். வேலை தெரிந்தவர் என்றால் அடுத்து எத்தனை பெட்டி என்று கேட்பார். “அதெல்லாம் எதுக்கு, காஸ்மெடிக்ஸ்னு போட்டுக்கலாம்” என்று அவரும் ஆரம்பித்தால் போனை வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.